பிளப்பதும் அறுப்பதும்: வீட்டுப் பட்டறைக்கு எந்த வாள்?

பலகையைக் குறுக்கே அறுப்பதும் நீளவாக்கில் பிளப்பதும் பார்வைக்கு ஒரே வேலைதான். இரண்டிலும் பல் வைத்த தகடு மரத்துக்குள் இறங்குகிறது, தூள் பறக்கிறது, பலகை இரண்டாகிறது. ஆனால் வீட்டில் வேலை செய்பவரின் விரல்களுக்கு இவ்விரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. மின்வாள் வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் வோட் எவ்வளவு, விலை எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று ஒப்பிடுகிறார்களே ஒழிய, அந்த வாளால் எந்த வெட்டை வெட்டப்போகிறோம் என்பதை யோசிப்பதில்லை.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தை விட்டு, 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோன என் தங்கையின் மகன், அலுமாரித் தட்டு, கட்டில், முயல் கூடு, பிள்ளைகளின் படிப்பு மேசை எல்லாவற்றையும் தானே செய்வதென்று தீர்மானித்து, “மாமா, எந்த வாள் வாங்கட்டும்?” என்று கேட்டான். அவனுக்கு அங்குமிங்குமாகச் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி எழுதியதே இது. நான் தச்சன் அல்லன். தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். ஆகவே மூட்டு எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை ஆசாரிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுழலும் இரும்புக்கு அருகில் கை எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே என்னால் உறுதியாகப் பேச முடியும்.

தொழிற்சாலையில் எங்களைக் காக்கச் சட்டம் இருந்தது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு இடச் சொல்கிறது. பெல்ட்டுக்குக் கூண்டு இல்லாவிட்டால் மேலதிகாரி பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுக் கொட்டகைக்குள் அந்தச் சட்டத்தோடு யாரும் வந்து நிற்பதில்லை. அங்கே மூடி இருக்குமா இருக்காதா என்பது, கருவியை வாங்கும் நாளில் நாம் எடுக்கும் முடிவிலேயே ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது.

நம் மலை மரத்தின் குணம்

வீட்டு வேலைக்கு நமக்கு எளிதில் கிடைக்கும் மரங்கள் யூக்கலிப்டஸ், பைனஸ், அல்பீசியா, தேயிலைக்கு நிழலாக நட்ட சபுக்கு ஆகியவை. பலா போன்ற மரம் கீழ்ப்பகுதிகளிலிருந்து விலை கொடுத்து வர வேண்டும். இவற்றுள் வாள் பிடிப்பவர் மிகவும் அஞ்ச வேண்டியது யூக்கலிப்டஸ் மரத்துக்குத்தான். கிராண்டிஸ் வகை யூக்கலிப்டஸ் விரைவாக உயரும் மரம். அதன் தண்டில் வெளிப்புறம் நீளவாக்கில் இழுவிசையிலும் உட்புறம் அழுத்தத்திலும் நிற்கின்றன. மரம் முழுதாக நிற்கும் வரை இவ்விரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. நீளவாக்கில் பிளக்கத் தொடங்கியதும் அந்தச் சமநிலை குலைந்து, பலகை வில்லாக வளைகிறது. சில வேளைகளில் வாள் போன வழி பின்னாலேயே மூடிக்கொண்டு வாளைக் கவ்விப் பிடிக்கிறது. மழை மாதங்களில் ஈரம் குறையாத பலகையாக இருந்தால் இழைகளும் தகட்டோடு உரசி, கவ்வல் இன்னும் இறுகும்.

கவ்விய பின் நடப்பதுதான் விபத்து. 185 மில்லிமீட்டர் விட்டமுள்ள கையடக்க வட்ட வாள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,500 சுற்றுகள் சுழல்கிறது. அப்படியானால் அதன் பல் நுனி நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மனிதர் ஒன்றைக் கண்டு கையை இழுக்க நொடியில் ஐந்திலொரு பங்கு தேவை. அதற்குள் ஒரு பல் பத்து மீட்டருக்கும் மேல் ஓடி முடித்துவிடும். மரம் தகட்டைப் பிடித்துக்கொள்ளும்போது இந்த வேகமெல்லாம் வாளையோ பலகையையோ வேலை செய்பவரை நோக்கித் தள்ளுகிறது. கைவாளாக, அதாவது கையடக்க வட்ட வாளாக இருந்தால் வாள் வெட்டிலிருந்து எழும்பிப் பின்னால் பாயும். தகடு மேசையின் நடுவிலிருந்து மேலே நீட்டி நிற்கும் மேசை வாளாக இருந்தால் பின்புறப் பற்கள் பலகையைத் தூக்கி நெஞ்சுக்கு எறியும், பலகையைப் பிடித்திருந்த கை தகட்டை நோக்கி இழுபடும். “கவனமாக இருந்தால் போதும்” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

குறுக்கு வெட்டில் இந்த உள்விசை அவ்வளவாக வேலை செய்வதில்லை. அங்கும் வாள் சிக்கும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பலகையை இரண்டு முனைகளிலும் தாங்கிவிட்டு நடுவில் அறுப்பதால் அது தொய்ந்து மேல்விளிம்பு மூடிக்கொள்வது. அறுந்து விழ வேண்டிய துண்டைத் தாங்காமல் அந்தரத்தில் விட்டால், அது தானாக விழுந்துவிடும், வாள் சிக்காது. ஆக, குறுக்கு வெட்டின் ஆபத்து நாம் தாங்கு கட்டை வைக்கும் விதத்தில் இருக்கிறது, அதை நாம் மாற்றலாம். பிளக்கும் வெட்டின் ஆபத்தோ மரத்துக்குள்ளேயே இருக்கிறது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

கிரைண்டரில் மரத்தகடு

முதலில் தள்ள வேண்டியதைத் தள்ளிவிடுகிறேன். நம் ஊர்களில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நான்கு அங்குலக் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. கம்பி வெட்டவும் தகரம் வெட்டவும் வாங்கியது. ஹாட்வெயார் கடைகளில் அதற்குப் பொருந்துகிற பல் வைத்த மரத்தகடும் கிடைக்கிறது. ஒரு தகட்டின் விலையில் மின்வாள் ஒன்று கிடைத்துவிட்டதாகத் தோன்றும். இந்தத் தெரிவைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் அளவில் ஓடுகிறது. வட்ட வாளைப் போல இரு மடங்கு. கல் தகடு இரும்பில் உரசித் தேய்ந்து வெட்டும். பல் தகடு கடித்து வெட்டும். கடித்தது சிக்கினால் கருவி கையிலிருந்து துள்ளும், துள்ளும் திசை முகமாகவோ தொடையாகவோ இருக்கும். வட்ட வாளில் இருப்பது போன்ற, வில்சுருளால் தானே மூடிக்கொள்ளும் கீழ்மூடி இதில் இல்லை. மரத்தின் மேல் படுத்து நிற்கும் அடித்தட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மலிவான கிரைண்டர்களின் சுவிட்ச் முன்னால் தள்ளிப் பூட்டும் வகையைச் சேர்ந்தது: கை நழுவினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். வட்ட வாளின் சுவிட்ச் விசையிலிருந்து விரலை எடுத்தால் மின்சாரம் அறுந்துவிடும். கருவி கையிலிருந்து போன பின் அது நிற்குமா ஓடுமா என்பதைவிடப் பெரிய வேறுபாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிரைண்டரை இரும்புக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கும் சில நிபந்தனைகளோடு. தகட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும்; பிசினால் ஒட்டிய வெட்டுத் தகடுகளுக்கு அது வழக்கமாக உற்பத்தியிலிருந்து மூன்று ஆண்டுகள். நம் ஈரக்காற்றில் பிசின் இன்னும் வேகமாக வலுவிழக்கும். தொழிற்சாலையில் நாங்கள் தகடுகளைக் கொதிகலன் அறையை ஒட்டிய அலுமாரியில் வைத்திருந்தது அதனால்தான். நான்கு அங்குலத் தகட்டில் 15,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கும் என்று எழுதியிருக்கும். ஏழு அங்குலத் தகட்டில் அது 8,500 அளவுதான். தேய்ந்த பெரிய தகட்டை, மூடியைக் கழற்றிவிட்டுச் சிறிய கிரைண்டரில் மாட்டுகிற பழக்கம் ஏன் உயிரோடு விளையாடுவதென்று இந்த இரண்டு எண்களே சொல்லும்.

தலைகீழாக மாட்டிய வாள்

அடுத்தது, நம் பகுதியில் மிகவும் மரியாதை பெற்றிருக்கும் ஏற்பாடு. பழைய மேசையிலோ தடித்த பலகையிலோ நீள்துளை போட்டு, கைவாளைக் கீழிருந்து தலைகீழாகத் திருகி, விசையை இழுத்துக் கட்டிவிட்டால் மேசை வாள் தயார். தளபாடம் செய்யும் சிறு பட்டறைகள் பலவற்றில் இதைத்தான் பார்த்திருக்கிறேன்; அதில் செய்கிற வேலையின் நேர்த்தியையும் மறுக்க மாட்டேன். ஆனால் இந்த ஏற்பாட்டுக்காக வாளின் மூன்று பாதுகாப்புகளும் ஒரே நேரத்தில் கழற்றப்படுகின்றன. கீழ்மூடி தகட்டை மூட விடாமல் கட்டப்படுகிறது. விசை எப்போதும் அழுத்திய நிலையில் இருக்கிறது. நிறுத்த வேண்டுமானால் சுவரிலுள்ள பிளக்கைத் தேடிக் குனிய வேண்டும். தகட்டின் பின்னால் நிற்க வேண்டிய பிளவுக்கத்தியும் கிடையாது.

பிளவுக்கத்தி என்பது தகட்டின் பின்புறத்தை ஒட்டி, தகட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் மெல்லிய எஃகுத் துண்டு. வெட்டிய வழி மூடிக்கொள்ளாமல் விலக்கிப் பிடித்துக்கொள்வதும், பலகை பின்புறப் பற்களில் ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. யூக்கலிப்டஸ் பிளப்பவருக்கு மேசை வாளில் வேறெதையும்விடத் தேவையானது அதுதான். வீட்டில் செய்த மேசையில் அதைச் சரியாகப் பொருத்துவது எளிதல்ல. பொருத்தியதாகச் சொல்லப்பட்ட ஒன்றையும் நான் கண்டதில்லை.

கட்டாயம் இப்படித்தான் செய்வேன் என்பவருக்கு ஒரே ஒரு திருத்தம் சொல்வேன்: மின்சாரம் நின்று மீண்டும் வந்தாலும் தானாக ஓடத் தொடங்காத, சிவப்புத் தட்டுள்ள பாதுகாப்புச் சுவிட்சை மேசையின் முன்புறம், முழங்காலால் தட்டக்கூடிய உயரத்தில் பொருத்துங்கள். காற்றுக் காலத்தில் கம்பி மேல் மரம் விழுந்து மின்சாரம் போவதும் சற்று நேரத்தில் வருவதும் நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் 31 அன்று நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விசை கட்டப்பட்ட வாளின் தகட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் திரும்பினால் என்ன ஆகுமென்று விளக்கத் தேவையில்லை.

தொழிற்சாலையில் செய்த மேசை வாள்

மூடி, பிளவுக்கத்தி, முன்புறச் சுவிட்ச், பலகையை நேராக ஓட்டும் நேர்வேலி ஆகிய நான்கும் சேர்ந்து வரும் சிறிய மேசை வாள் பிளக்கும் வேலைக்கு உண்மையில் பொருத்தமான கருவி. ஆனாலும் அமெரிக்காவில் மேசை வாள்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் அவசர சிகிச்சைக்குச் செல்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிடுகிறது. மேசை வாளை ஒரேயடியாகப் பாதுகாப்பான தெரிவு என்று எழுத என் கை வராததற்கு அந்த எண்ணும் ஒரு காரணம்.

இதற்குத் தீர்வாக ஸ்டீவ் காஸ் என்பவர் கண்டுபிடித்த முறை 2004 முதல் சோஸ்டொப் என்ற பெயரில் விற்பனையாகும் வாள்களில் இருக்கிறது. தகட்டில் மெல்லிய மின்சமிக்ஞை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டதும் அந்தச் சமிக்ஞை மாற, அலுமினியத் துண்டொன்று பற்களுக்குள் பாய்ந்து சுமார் 5 மில்லிநொடிகளில் தகட்டை நிறுத்துகிறது. விரலில் கீறல் மட்டும் மிஞ்சும். தகடும் அலுமினியத் துண்டும் அத்தோடு போய்விடும். வியக்கத்தக்க கருவிதான். ஆனால் விலை சாதாரண மேசை வாளைவிடப் பல மடங்கு. அது மட்டுமல்ல, மிகவும் ஈரமான மரமும் மின்சாரத்தைக் கடத்துவதால் விரல் என்று எண்ணி அது நின்றுவிடக்கூடும். அதற்காக அந்தப் பாதுகாப்பையே தற்காலிகமாக அணைக்கும் வசதியையும் வைத்திருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் மரம் ஈரமாக இருக்கும் நமக்கு, அந்த அணைப்பு வழக்கமாகிவிடும் என்றே அஞ்சுகிறேன்.

சாதாரண மேசை வாள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பிளவுக்கத்தி இல்லாத மாதிரியை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் அல்ல, தள்ளுகோலால் தள்ள வேண்டும். தகட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்க வேண்டும். இவை எளிய விதிகள். ஆயினும் தனியாக, மாலை நேரத்தில், வேலை முடித்துக் களைத்து வந்து செய்பவர் எத்தனை நாள் கடைப்பிடிப்பார் என்பதே கேள்வி.

கைவாளும் வழிச்சட்டமும்

குறுக்கு வெட்டுக்கும் பலகைத் தாள்களைத் துண்டாக்குவதற்கும் என் பரிந்துரை, நல்ல கையடக்க வட்ட வாள் ஒன்றும் அதற்கு நேரான வழிச்சட்டமும். வழிச்சட்டம் விலை கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை; நேரான அலுமினியப் பட்டையை இரண்டு கிளாம்பால் இறுக்கினாலும் போதும். வாளின் அடித்தட்டு அதை ஒட்டி ஓடும்போது வெட்டு வளையாது. வெட்டு வளையாவிட்டால் வாள் சிக்குவதும் குறையும். இரண்டு கையும் வாளின் மேல் இருப்பதால், தகடு எங்கே இருக்கிறதோ அங்கே கை இல்லை. மேசை வாளுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்: அங்கே கை மரத்தோடு தகட்டை நோக்கிப் போகிறது, இங்கே மரம் கட்டப்பட்டு நிற்க, கை கருவியோடு தகட்டுக்குப் பின்னால் போகிறது.

தகடு பலகைக்குக் கீழே 3 முதல் 6 மில்லிமீட்டர் மட்டும் நீட்டியிருக்கும்படி ஆழத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். பெரிய பலகைத் தாளைத் தரையில் நான்கைந்து சட்டங்களின் மேல் படுக்க வைத்து, மண்டியிட்டு அறுப்பது நாற்காலிகளின் மேல் வைத்து அறுப்பதைவிட மேலானது. தாளின் இரு பாதிகளும் தாங்கப்பட்டிருப்பதால் எதுவும் தொய்வதில்லை. கீழ்மூடி ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடினால் தூளைத் துடைத்துச் சரிசெய்ய வேண்டும். அது தொந்தரவு தருகிறதென்று கட்டையைச் செருகி நிறுத்தியவர் ஒருவரின் காலணி முனையை நான் பார்த்திருக்கிறேன். காலணியோடு போனது அவரது நல்ல காலம். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் ரப்பர் செருப்போடுதான் வாள் பிடிக்கிறார்கள்.

இதே வாளால் பிளக்கவும் முடியும், முடியாதென்பதல்ல. பைனஸ் போன்ற மென்மரத்தை, காய்ந்த பிறகு, மெல்லிய பலகையாக இருந்தால் பிளக்கலாம். வெட்டிய வழியில் இடையிடையே சிறு ஆப்பு செருகினால் அது மூடிக்கொள்ளாது. ஈர யூக்கலிப்டஸில் அதை முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜிக்சோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் அலகு மேலும் கீழுமாக நிமிடத்துக்கு 3,000 தடவை போய்வந்தாலும், சராசரி வேகம் நொடிக்கு 2 முதல் 3 மீட்டர்தான். வட்ட வாளோடு ஒப்பிட்டால் இருபதிலொரு பங்கு. சிக்கினால் அதிருமே தவிரப் பாயாது. ஒரு மின்வாளும் பிடித்துப் பழகாதவருக்கு முதற்கருவியாக அது மிகவும் ஏற்றது. தடித்த மரத்தில் நேராக வெட்டாது என்பதே அதன் குறை. அலகின் அடிப்பக்கம் பலகைக்குக் கீழே துருத்திக்கொண்டு ஓடுகிறது என்பதை மறந்து, கீழே கை கொடுத்துத் தாங்குகிறவர்கள் காயப்படுகிறார்கள்.

சோமில்லுக்குக் கொடுத்தல்

கடைசித் தெரிவு, கருவியே வாங்காதது. மரம் வாங்கும் சோமில்லிலேயே நமக்கு வேண்டிய அகலத்துக்குப் பிளந்து தரச் சொன்னால், கூலி கொஞ்சம் கூடும். ஆனால் ஆபத்தான வெட்டு முழுவதும் அதற்கென்று அமைந்த பட்டைவாளிலும் பழகிய கைகளிலும் முடிந்துவிடும். வீட்டுக்கு வருவது நீளத்துக்குக் குறுக்கே வெட்ட வேண்டிய பலகைகள் மட்டுமே. அந்த வெட்டுக்குக் கைவாளும் வழிச்சட்டமும் தாராளமாகப் போதும், அவசரமில்லாதவருக்குக் கையால் இழுக்கும் வாளே போதும். மாதத்துக்கு இரண்டொரு வேலை செய்பவர், மேசை வாளுக்குக் கொடுக்கும் பணத்தைச் சோமில் கூலியாகக் கணக்கிட்டுப் பார்த்தால், பல ஆண்டுகளுக்குப் பிளக்கும் கூலி அதற்குள் அடங்கிவிடும். வாரம் முழுவதும் தளபாடம் செய்து விற்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் பிளவுக்கத்தியுள்ள மேசை வாளைத்தான் வாங்க வேண்டும், அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

என் மருமகனுக்கு நான் சொன்னது சோமில்லும் வட்ட வாளும் சேர்ந்த வழி. “அப்ப மேசை வாளே வேண்டாமா மாமா?” என்று இரண்டு தடவை கேட்டான். ஆசை அதன் மேல்தான் என்பது தெரிந்தது.

வயரா, பட்டரியா?

வட்ட வாள் என்று முடிவானதும் அடுத்த கேள்வி, மின்கம்பியோடு வருவதா, 18 வோல்ட் பட்டரியில் ஓடுவதா என்பது. அறுக்கும் ஆபத்தில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. பட்டரி வாளும் விரலை அதே போல் வெட்டும். வேறுபாடு மின்சாரத்தில்தான். தன் வாளால் தன் வயரையே அறுத்துக்கொள்வது வட்ட வாள் பிடிப்பவர்களிடம் சாதாரணமாக நடக்கிற விபத்து. மழையில் நனைந்த சிமெந்துத் தரையில் செருப்போடு நிற்பவருக்கு 230 வோல்ட் என்னவென்று அந்த நொடியில் தெரியும். பட்டரி வாளில் அந்த விபத்தே இல்லை. தகடு மாற்றும்போது பட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கருவி எந்த வகையிலும் ஓடாது.

பட்டரிக்கு நம் பகுதியில் ஒரு குறை உண்டு. லித்தியம் அயன் பட்டரியை 0 பாகை செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்தால் அதன் உட்பகுதி நிரந்தரமாகப் பழுதடையும். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் சுற்றிலும் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் தேயிலைக் கொழுந்தில் உறைபனி படிவதை அறிவோம். தகரக் கொட்டகையில் இரவு முழுக்க சார்ஜரில் விடாமல், வீட்டுக்குள் பகலில், யாராவது விழித்திருக்கும்போது சார்ஜ் செய்ய வேண்டும்.

வயர் உள்ளதையே வாங்குபவர் வாளுக்கு முன்பு சரிபார்க்க வேண்டியது வீட்டின் ட்ரிப் சுவிட்சை. அதில் 30 மில்லிஅம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். 100 என்று இருந்தால் அது தீயைத் தடுக்கலாம், ஆளைக் காக்கும் அளவுக்கு நுண்மையானது அல்ல. மின்சாரம் வரும் கட்டக் கம்பியிலிருந்து தரைக்கு ஒழுகும் மின்சாரத்தை ட்ரிப் சுவிட்ச் உணர்ந்து அறுக்கும். கட்டம், நடுநிலை ஆகிய இரண்டு கம்பிகளையும் ஒன்றாகத் தொட்டவரை அது காக்காது. மாதத்துக்கொரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் அடிக்கடி விழுகிறதென்று அதை விலக்கிவிட்டு நேரடியாக இணைக்கச் சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும். அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ ஈரம் ஏறிய இணைப்பு இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பொறுத்தவரை, சுருளில் சுற்றி வைத்தபடியே வாளை ஓட்டினால் உட்சுற்றுகளின் சூடு வெளியேறாமல் உறை உருகும். முழுவதும் விரித்துவிட வேண்டும். 1,400 வோட் வாள் ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கிறது, அதற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். மெல்லிய விளக்கு வயரில் ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து வாள் திணறும். திணறும் வாள் எளிதில் சிக்கும்.

எங்கே வைத்து அறுப்பது

வீட்டு விறாந்தையா, பின்னாலுள்ள தகரக் கொட்டகையா என்பதில் கொட்டகையையே சொல்வேன். காரணம் தூள். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலேயே சேர்த்தது. மூக்குக் குழியிலும் அதை ஒட்டிய அறைகளிலும் அது புற்றை உண்டாக்கக்கூடும். ஒரு நாள் வேலையில் அது வந்துவிடாது. ஆனால் விறாந்தையில் பறக்கும் தூளை, வாளைத் தொடாத பிள்ளைகளும் பாட்டியும் நாள் முழுக்க சுவாசிக்கிறார்கள். சபுக்கு மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். அடுத்தடுத்துச் சுவர் பகிர்ந்து வாழும் லயத்தில் சத்தமும் ஒரு பிரச்சினை: வட்ட வாளின் ஒலி 100 டெசிபலை எட்டும், காதடைப்பான் இல்லாமல் அந்த ஒலியில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருப்பது கேள்விப்புலனுக்குக் கேடு.

கொட்டகைக்கும் குறைகள் உண்டு. தகரத்தின் அடியில் படியும் பனிநீர் வாளின் மேலும் சுவிட்சின் மேலும் சொட்டும். மூடுபனி இறங்கிய பின் நான்கு மணிக்கே வெளிச்சம் போய்விடும். இரண்டு நல்ல விளக்குகளும், கருவிகளை எடுத்துச் சென்று வீட்டுக்குள் வைக்கும் பழக்கமும் இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

உடுப்பு பற்றி நம் குளிருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மப்ளர், தொங்கும் கைகளுள்ள கம்பளிச் சுவெட்டர், குளிருக்கு மாட்டிய கையுறை ஆகிய மூன்றும் சுழலும் கருவிக்கு அருகில் ஆகாதவை. கையுறை வெட்டுக்காயத்தைத் தடுக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சுழலும் தகடு அதன் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். எனக்கே ஒரு முறை துரப்பண இயந்திரத்தில் சுவெட்டர் கை சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் சுவிட்சைத் தட்டியதால் சுவெட்டரோடு போயிற்று. உடம்பை ஒட்டிய பனியனை உள்ளே போட்டுக் குளிரைச் சமாளிக்கலாம். கண்ணுக்குப் பக்கவாட்டு மறைப்புள்ள பொலிகாபனேட் கண்ணாடியும், மூக்குக்கு என்95 வகை முகக்கவசமும் போதும். துணிக் கவசம் நுண்தூளைத் தடுக்காது. மூச்சுக் காற்றால் கண்ணாடி மங்கினால் கவசத்தின் மூக்குக் கம்பி சரியாக அழுந்தவில்லை என்று பொருள்.

தோட்டத்திலிருந்து கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வளைவுகளில் மணிக்கணக்காகும் என்பதும் இந்த ஒப்பீட்டில் எடை போட வேண்டிய ஒன்றுதான். நகரத்தில் ஏற்றுக்கொள்ளக்கூடிய அபாயம் இங்கே ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அது வரும் வரை காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடக்கூடாது. ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் நீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். இதற்காகவே கொட்டகையில் தனியாக வேலை செய்யாமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும்படி மருமகனிடம் சொன்னேன்.

மருமகன் இன்னும் வாளை வாங்கவில்லை. சோமில்லில் பிளந்து வந்த யூக்கலிப்டஸ் பலகைகளை, இடையிடையே சிறு சட்டங்கள் வைத்து, காற்றுப் போகும்படி கொட்டகைக்குள் அடுக்கியிருக்கிறான். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காய வேண்டும் என்பது ஆசாரிகளின் கணக்கு. நம் ஈரத்தில் அதற்கு மேலும் ஆகலாம். சில பலகைகள் இப்போதே வில்லாக வளைந்துவிட்டன. அவற்றைக் கட்டில் சட்டத்துக்கு வைக்காமல், குட்டையாகக் குறுக்கே அறுத்து முயல் கூட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான்.